ஒரு கால்வாய், ஒரு புதிய நாடு, ஒரு வழக்கறிஞர் நிறுவனம்

வழக்கறிஞர் என்றதும் நம் மக்கள் மனத்தில் தோன்றுவது கறுப்பு அங்கியும் சாட்சிக் கூண்டும்தான். தமிழ்ப் படங்கள் செய்த வேலை அது. ஆனால் உலகின் மிகப் பெரிய வழக்கறிஞர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறாதவர்கள். நிறுவனங்களை இணைப்பது, பிரிப்பது, கடன் பத்திரம் எழுதுவது, திவாலானால் மீட்டெடுப்பது ஆகியவையே அவர்கள் தொழில். அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒன்று நியூயார்க்கின் 'சல்லிவன் அண்ட் குரோம்வெல்'. ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காக எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி, பிறந்த நாள் தொட்டு இந்த நிறுவனத்தை விட்டு அகலவில்லை.

1879-ஆம் ஆண்டு இதைத் தொடங்கியவர்கள் இருவர். மூத்தவர் அல்ஜெர்னன் சல்லிவன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861-இல், பிடிபட்ட தென்னவர் கப்பல் மாலுமிகளுக்காக வாதாட முன்வந்தார். அதற்காக அவரையே லஃபாயெட் கோட்டையில் சிறை வைத்தது அரசு. இளையவர் வில்லியம் நெல்சன் குரோம்வெல். அதே போரில் தந்தையை இழந்த சிறுவன். சல்லிவனின் அலுவலகத்தில் கணக்கெழுதிக் கொண்டிருந்தவரின் திறமையைக் கண்டு, சல்லிவனே அவரைக் கொலம்பியா சட்டக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்.

ஆகாதவனுக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று நம்பிச் சிறைக்குப் போனவர் முன்னவர். பின்னவர் வேறு மண். சல்லிவன் 1887-இல் மறைந்தபோது குரோம்வெல்லுக்கு வயது 33. சட்டம் தெரிந்த கணக்காளர், கணக்குத் தெரிந்த வழக்கறிஞர் என்ற இரட்டைப் பலத்தோடு, அமெரிக்காவின் ரயில்வே, எஃகு, வங்கி முதலாளிகளின் நம்பிக்கையைப் பெற்றார். 1901-இல் உருவான 'யு.எஸ். ஸ்டீல்', ஒரு பில்லியன் டாலரைத் தாண்டிய முதலீட்டோடு தொடங்கிய முதல் நிறுவனம். அதன் உருவாக்கத்திலும் இந்த அலுவலகத்தின் கை இருந்தது.

எரிமலையும் தபால் தலையும்

பனாமாவில் கால்வாய் வெட்டப் போன பிரெஞ்சு நிறுவனம் 1889-இல் நொடித்துப் போனது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் காவு கொண்டிருந்தன. மிச்சமிருந்த பள்ளத்தையும் துருப்பிடித்த இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு ஒரு புதிய பிரெஞ்சு நிறுவனம் எழுந்தது. அந்தச் சரக்கை அமெரிக்க அரசின் தலையில் கட்ட வேண்டும். 1896-இல் அந்த வேலை குரோம்வெல்லிடம் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்கா விரும்பியது பனாமாவை அல்ல, நிகரகுவாவை. 1902 ஜனவரியில் கீழவை நிகரகுவா வழிக்கு ஆதரவாக 308-க்கு 2 என்று வாக்களித்தது. அதன் பிறகும் ஒரு வழக்கறிஞர் நம்பிக்கை இழக்காமல் இருந்தார் என்றால், அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பிரெஞ்சு நிறுவனம் தன் விலையை 109 மில்லியன் டாலரிலிருந்து 40 மில்லியனுக்கு இறக்கியது. குரோம்வெல் செனட்டர்களைத் தேடித் தேடிச் சந்தித்தார். அவ்வேளை, மே மாதம் 8-ஆம் தேதி மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். பனாமாவுக்காகப் பாடுபட்ட பிரெஞ்சுப் பொறியாளர் புனோ-வாரியா, நிகரகுவாவின் தபால் தலை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் அந்நாட்டு எரிமலை புகை கக்கிக் கொண்டிருந்தது! செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு தபால் தலை போய்ச் சேர்ந்தது. ஜூன் மாதம் மேலவை 42-க்கு 34 என்று பனாமா பக்கம் சாய்ந்தது.

அப்போது பனாமா, கொலம்பியாவின் ஒரு மாநிலம். 1903 ஆகஸ்டில் கொலம்பிய மேலவை கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்து விட்டது. அதற்கும் முன்னதாக, ஜூன் மாதத்திலேயே, பனாமா பிரியப் போகிறது என்ற செய்தி 'நியூயார்க் வோர்ல்ட்' ஏட்டில் வந்துவிட்டது. செய்தியைக் கொடுத்தவர் குரோம்வெல்லின் விளம்பர உதவியாளர் என்று பின்னாளில் நடந்த விசாரணையில் சொல்லப்பட்டது. நடக்கப் போகும் புரட்சி நாளேட்டில் முன்கூட்டியே வந்தது என்றால் அது என்ன வகைப் புரட்சி?

ரயில் வராத நாள்

பனாமா ரயில்வே, குரோம்வெல்லின் கட்சிக்காரரான பிரெஞ்சு நிறுவனத்துக்குச் சொந்தம். பிரிவினைக் குழுவின் முன்னணியில் நின்ற மானுவேல் அமடோர், ரயில்வேயின் மருத்துவர். இன்னொரு தலைவரான அராங்கோ அதன் வழக்கறிஞர். அமடோர் நியூயார்க்குக்கு வந்து குரோம்வெல்லைப் பார்த்தார். முதலில் உற்சாகமாக வரவேற்ற குரோம்வெல், கொலம்பியாவுக்குச் செய்தி கசிந்ததும் அமடோரைச் சந்திக்க மறுத்து, பிறகு பாரிசுக்குக் கப்பலேறி விட்டார். அமடோருக்குக் கை கொடுத்தவர் புனோ-வாரியாதான்.

நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்கப் போர்க்கப்பல் 'நாஷ்வில்' கொலோன் துறைமுகத்துக்கு வந்தது. மறுநாள் காலை ஏறத்தாழ 500 கொலம்பியச் சிப்பாய்கள் அங்கே இறங்கினர். பனாமா நகரம் ரயிலில் 77 கிலோமீட்டர். ரயில்வே கண்காணிப்பாளர் படைத் தளபதிகளை மட்டும் மரியாதையாகத் தனிப் பெட்டியில் ஏற்றி அனுப்பினார். சிப்பாய்களுக்கு? பெட்டி இல்லை என்று கையை விரித்து விட்டார். போய்ச் சேர்ந்த தளபதிகளைச் சொந்தப் படையே கைது செய்தது. கொலோனில் தவித்து நின்ற படையின் தலைவருக்கு 8,000 டாலரும் சாம்பெய்ன் பெட்டிகளும் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். பனாமா நகரின் மேல் விழுந்த குண்டுகளுக்கு ஒரு சீனக் கடைக்காரர் பலியானார். ஒரு நாடு பிறந்ததற்கு விழுந்த உயிர் அது ஒன்றுதான். அந்த மனிதர் யார் பக்கமும் இல்லை.

நவம்பர் 18-ஆம் தேதி, பனாமாவின் பெயரால் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டவர் பிரெஞ்சுக்காரர் புனோ-வாரியா. பனாமா பிரதிநிதிகள் வாஷிங்டன் போய்ச் சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே கையெழுத்து விழுந்து விட்டது. கால்வாய்ப் பகுதி 'என்றென்றைக்கும்' அமெரிக்காவிடம். அதைத் திரும்பப் பெறப் பனாமா 1999 டிசம்பர் 31 வரை காத்திருக்க நேர்ந்தது. கொலம்பியாவுக்கு 1921-இல்தான் ஒப்பந்தம் உறுதியாகி 25 மில்லியன் டாலர் இழப்பீடு கிடைத்தது.

குரோம்வெல் தம் உழைப்புக்குப் பிரெஞ்சு நிறுவனத்திடம் கேட்ட கட்டணம் 8 லட்சம் டாலர். நடுவர்கள் அதைப் பெரிதும் குறைத்தனர். ஆனால் அந்தத் தொகையை நியாயப்படுத்த, என்னென்ன செய்தோம், யார் யாரைச் சந்தித்தோம் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார். 1912-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது அந்தப் பட்டியலே முதன்மை ஆவணமாயிற்று. 1906-இல் செனட் குழு முன்னால், கட்சிக்காரரின் ரகசியம் என்று சொல்லிப் பல கேள்விகளுக்கு வாய் திறக்க மறுத்தவர் இவர்! எளியவன் தன் வழக்கறிஞரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பாதுகாப்பு, அரசியல் பேரத்துக்குக் கேடயமானது.

40 மில்லியன் உண்மையில் யார் கைக்குப் போனது என்று 1908-இல் புலிட்சரின் 'வோர்ல்ட்' கேட்டது. அதிபர் ரூஸ்வெல்ட் அவர்மீது குற்றவியல் அவதூறு வழக்கே போட வைத்தார். 1911 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏடு சொன்ன குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவும் இல்லை.

டல்லஸ் சகோதரர்கள்

1911-இல் இங்கே எழுத்தர் நிலையில் சேர்ந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், 1920-களில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். தம்பி ஆலன் டல்லசும் 1926-இல் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்த கடன் பத்திரங்களில் பல, இந்த மேசையில் எழுதப்பட்டவை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகும் ஜெர்மானிய அலுவல் தொடர்ந்தது. 1935-இல்தான், தம்பி உள்ளிட்ட பங்காளிகளின் வற்புறுத்தலால் அது மூடப்பட்டது. இரண்டு ஆண்டு தாமதம் என்பது சின்ன விஷயமல்ல.

1953-இல் அண்ணன் வெளியுறவு அமைச்சர், தம்பி சி.ஐ.ஏ. தலைவர். குவாத்தமாலாவில் அதிபர் அர்பென்ஸ், நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், 'யுனைடெட் ஃப்ரூட்' வாழைப்பழ நிறுவனத்தின் தரிசு நிலத்தை எடுத்துக்கொண்டார். நிறுவனம் வரிக்காகத் தானே காட்டியிருந்த மதிப்பின்படி இழப்பீடு ஏறத்தாழ 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர். அமெரிக்க வெளியுறவு அமைச்சு கேட்டதோ 15 மில்லியனுக்கு மேல். அந்த வாழைப்பழ நிறுவனம் சல்லிவன் அண்ட் குரோம்வெல்லின் பழைய வாடிக்கையாளர். 1954 ஜூனில் சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் அர்பென்ஸ் வீழ்ந்தார். கம்யூனிச அச்சமே காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதே ஆண்டு அமெரிக்க அரசு யுனைடெட் ஃப்ரூட்மீது ஏகபோக வழக்குப் போட்டதையும் அவர்கள் காட்டுகிறார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனாலும், பழைய கட்சிக்காரரின் வழக்கு நடக்கும்போது நீதிபதி இருக்கையில் அவருடைய வழக்கறிஞரே உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்?

1975-இல் வந்தது வேறு வகை வழக்கு. பெண்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதாக ஒரு பெண் இந்த நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். விசாரிக்க அமர்ந்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, அமெரிக்கக் கூட்டரசின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. அவர் விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கேட்டது. பால், இனம், முன்னைய தொழில் பார்த்து விலகுவதானால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் மிஞ்சமாட்டார் என்ற பொருளில் அவர் எழுதிய உத்தரவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வழக்கு 1977-இல் சமரசத்தில் முடிந்தது.

திவாலிலும் வருமானம்

2022 நவம்பர் 11-ஆம் தேதி, 'எஃப்.டி.எக்ஸ்' என்ற மின்னியல் நாணயச் சந்தை கவிழ்ந்தது. திவால் நடவடிக்கையை நடத்த அமர்த்தப்பட்டது சல்லிவன் அண்ட் குரோம்வெல். கவிழ்வதற்கு முன்பே அதே நிறுவனத்துக்கு வேலை செய்து 8 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கியவர்களும் இவர்கள்தாம். போதாக்குறைக்கு, எஃப்.டி.எக்ஸின் அமெரிக்கப் பிரிவுச் சட்டத் தலைவர் இங்கிருந்து போனவர். வீட்டைக் காவல் காத்தவரே திருட்டை விசாரிப்பதா என்று பணத்தை இழந்தவர்கள் கொதித்தார்கள். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனி ஆய்வாளரை அமர்த்தியே ஆக வேண்டும் என்றது. ஆய்வாளரின் மே மாத அறிக்கை, நிறுவனத்தின்மீது பெரிய குறை எதையும் சொல்லவில்லை. முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கும் அந்த ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. திவால் பணிக்கு நிறுவனம் கேட்ட கட்டணம் 200 மில்லியன் டாலரைத் தாண்டியது. குரோம்வெல்லின் 8 லட்சத்தைப் போல் அது இம்முறை பெரிதும் குறைக்கப்படவில்லை.