'மொத்தம்' என்றால் கூட்டவா? பட்டைப் படம் வந்த வரலாறு

'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதம்' என்று வந்தால் கழி. பிரச்சனைக் கணக்குக்கு இப்படிக் குறுக்குவழி சொல்லித் தராத வகுப்பு குறைவுதான், இல்லையா? 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரும் இதே இடத்தில்தான் நின்றது. அங்குள்ள கல்வி அமைச்சு தொடக்கநிலை மாணவர்களைச் சோதித்துப் பார்த்தது. இத்தகைய சொற்கள் கணக்கில் இருந்தபோது பெரும்பாலோர் சரியாகச் செய்தார்கள். அவை இல்லாமல் கேட்டதும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. பிள்ளைகள் சொல்லைத் தேடினார்களே தவிர, கணக்கை வாசிக்கவே இல்லை.

1980இல் அமைந்த பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில், டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு புதிய கணிதப் பாடநூல்களை உருவாக்கியது. முதலில் தொட்டுப் பார்க்கும் பொருள், அடுத்து படம், கடைசியில் எண். இந்த வரிசைக்கு வேர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் 1960களின் சிந்தனை. ஆனால் எந்தப் படம்? ஐந்து ஆரஞ்சு வரையலாம். 240 வெள்ளியை எப்படி வரைவது? எவ்வளவு என்றே தெரியாத தொகையை? இங்கேதான் செவ்வகப் பட்டை கைகொடுத்தது. தெரியாததற்கும் ஒரு நீளம் கொடுத்துவிடலாம் பாருங்க! 'மாதிரி முறை' என்ற பெயரில் 1980களில் அது பாடநூலுக்குள் வந்தது.

இந்தக் கணக்கைப் பாருங்கள்: 'முகிலனிடம் 24 கோலிகள் உள்ளன. இது கவிதாவிடம் உள்ளதைவிட 8 அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?' 'அதிகம்' என்றதும் பலர் 24உடன் 8ஐக் கூட்டி, கவிதாவுக்கு 32 என்று எழுதிவிடுவார்கள். நம்ம மொழியில் 'விட' என்ற சிறு சொல் எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதில்தான் சிக்கலே. முகிலனுக்கு நீளமான பட்டை, கீழே கவிதாவுக்குக் குட்டைப் பட்டை, இடைவெளி 8. வரைந்ததும் கவிதாவிடம் 16, மொத்தம் 40 என்பது கண்ணுக்கே தெரிகிறது.

1995ஆம் ஆண்டின் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் சிங்கப்பூர் கணிதத்தில் முதலிடம் பிடித்த பிறகு, பிற நாடுகளும் அந்தப் பாடநூல்களைத் தேடி வந்தன. பட்டை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆசிரியரே கரும்பலகையில் வரைந்து, மாணவர் அதைப் பார்த்து எழுதினால் அதுவும் இன்னொரு 'மொத்தம் என்றால் கூட்டு' ஆகிவிடும்.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, மேலேயுள்ள கணக்கில் 'இது' என்பதை எடுத்துவிட்டு, 'கவிதாவிடம் 8 அதிகம்' என்று மாற்றுங்கள். இரண்டு பட்டைகளையும் மறுபடி வரையுங்கள். இப்போது மொத்தம் எத்தனை?