அமெரிக்க வரலாற்று ஆளுமைகள்: இணையத்தில் நம்பகமான தகவல்களைத் தேடுவது எப்படி?

பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்றால் ஆப்ரஹாம் லிங்கன், ஜார்ஜ் வாஷிங்டன், மார்ட்டின் லூதர் கிங் போன்றோரின் பெயர்கள் தலைப்பாக வருவதுண்டு. பிள்ளை வந்து கேட்டதும் நாம் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறோம். முதலில் வரும் பக்கத்தை அப்படியே எழுதிக் கொடுத்து விடுகிறோம். அதில் எது வரலாறு, எது கதை என்று பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டு உதாரணங்கள்

தம் மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக ஒரு கடிதம் தமிழில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. ஆண்டு மலர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். லிங்கனின் கடிதங்களும் உரைகளும் 1953-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. அந்தத் தொகுதிகளை மிச்சிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. அதில் எவ்வளவு தேடினாலும் இந்தக் கடிதம் இல்லை. அறிவுரைகள் நல்லவைதாம். ஆனால், அவை லிங்கன் எழுதியவை என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, தந்தையிடம் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்ட கதையும் அப்படித்தான். வாஷிங்டன் 1799-இல் இறந்தார். அவரைப் பற்றி நூல் எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார், 1806-இல் வந்த பதிப்பில்தான் இந்தக் கதையைச் சேர்த்தார். வாஷிங்டனின் இல்லமான மவுண்ட் வெர்னனைப் பராமரிக்கும் அமைப்பே தன் இணையதளத்தில் இதைக் கட்டுக்கதை என்று விளக்கியுள்ளது. உண்மை பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உண்மையில்லாத ஒரு கதையைப் பயன்படுத்தி வருகிறோம்.

யார் சொன்னது?

ஒரு செய்தி வந்தால் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா என்று பார்ப்பதை ஹதீஸ் கலையில் படிக்கிறோம். வரலாற்றுத் துறையின் முறையும் ஏறத்தாழ இதுதான். அந்த மனிதரே எழுதியது முதல் தரம். அவருடன் வாழ்ந்தவர்கள் எழுதியது அடுத்தது. ஆய்வாளர்கள் ஆதாரம் காட்டி எழுதிய நூல்கள் அதற்கடுத்தவை. ஆதாரம் எதுவும் சொல்லாத பதிவு கணக்கில் வராது.

எங்கே தேடுவது?

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்: 1800-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ், பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் ஆகியோரின் கையெழுத்துத் தாள்களையே இதன் தளத்தில் பார்க்கலாம்.

ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம். 2013-இல் தொடங்கப்பட்டது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன் ஆகியோர் எழுதியவையும் அவர்களுக்கு வந்த கடிதங்களுமாக 1,80,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இவர்கள் சொன்னதாக ஒரு பொன்மொழி வந்தால், அதன் ஆங்கில மூலத்தை இங்கே தேடிப் பார்க்கலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிங் ஆய்வு நிறுவனம்: மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகள், கடிதங்கள், வாழ்க்கைக் குறிப்புகள் இங்கே உள்ளன. அவர் 1959-இல் மேற்கொண்ட இந்தியப் பயணத்தைப் பற்றியும் படிக்கலாம். அந்தப் பயணத்தில் அவர் கன்னியாகுமரிக்கும் வந்திருக்கிறார்.

எஃப்.பி.ஐ. வால்ட்: மால்கம் எக்ஸைப் பற்றி அமெரிக்க உளவுத்துறை சேர்த்த கோப்புகள் இதில் உள்ளன. ஆனால் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஒருவரைச் சந்தேகித்துக் கண்காணித்தவர்களின் குறிப்புகள் அவை. அவரது சுயசரிதையையும் உடன் வைத்துப் படிப்பதே நியாயம்.

நமக்குப் பிடித்த செய்தியையும் சோதிக்க வேண்டும்

ஜெஃபர்சனிடம் குர்ஆன் இருந்தது, ஆகவே அவர் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டவர் என்று நம் குழுக்களில் ஒரு செய்தி வருகிறது. அவர் 1765-இல், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் சேலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கியது உண்மை. அந்தப் பிரதி இன்றும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளது. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எலிசன் உறுதிமொழி நிகழ்ச்சியில் அதன்மீது கை வைத்ததும் உண்மை. இஸ்லாத்தை ஏற்றார் என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. அதே ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவரது இல்லமான மாண்டிசெல்லோவின் இணையதளம் இதை மறைக்காமல் சொல்கிறது.

அரபி தெரிந்தவர்களுக்கு ஒரு புதையல்

உமர் இப்னு ஸஈத் என்பவரை நம்மில் பலருக்குத் தெரியாது. இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் 1770 வாக்கில் பிறந்து, பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807-இல் பிடிக்கப்பட்டு, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டார். 1831-இல் தம் வாழ்க்கையை அரபியில் 15 பக்கங்களில் எழுதினார். ஸூரத்துல் முல்க்குடன் அது தொடங்குகிறது. அவர் கிறித்தவரானார் என்று அக்காலத்தவர் எழுதினர். அவர் உள்ளத்தில் முஸ்லிமாகவே இருந்தார் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

அந்தக் கையெழுத்துப் பிரதி 2019 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இருக்கிறது. நம் மத்ரஸா மாணவர்கள் மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் அதைப் படிக்கலாம். மேற்கு ஆப்பிரிக்க எழுத்து வடிவம் என்பதால் தொடக்கத்தில் சற்றுச் சிரமமாக இருக்கும். ஆனால், அமெரிக்க வரலாற்றின் ஓர் ஆவணத்தை ஆங்கிலம் தெரியாமலே நேரடியாகப் படிக்கும் வாய்ப்பு இது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

1. விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், முடிக்கக் கூடாது. பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்க வேண்டும்.

2. ஒரு பொன்மொழியைச் சோதிக்க, அதன் ஆங்கில வரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேட வேண்டும். எந்த ஆண்டு, எந்த உரை அல்லது கடிதம் என்று எங்கும் இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது.

3. தள முகவரியின் முடிவைக் கவனிக்க வேண்டும். 'கவ்' என்றால் அமெரிக்க அரசு, 'இடியூ' என்றால் பெரும்பாலும் அங்குள்ள கல்வி நிறுவனம். 'ஓஆர்ஜி' என்ற முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

4. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத மேற்கோளையும் இருப்பதுபோல் எழுதிவிடும். அவை தரும் ஆதாரத்தை நாமே திறந்து பார்க்காமல் எழுதக் கூடாது.

5. கட்டுரையின் இறுதியில் தகவல் எடுத்த இடத்தை எழுதும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்த வேண்டும்.

இறந்தவர் எழுந்து வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. அவர் எந்த நாட்டவராக, எந்த மதத்தவராக இருந்தாலும், சொல்லாததை அவர் பெயரில் சொல்வது பொய்தான். பரிசு கிடைக்காமல் போனாலும், ஆதாரமுள்ள இரண்டு செய்திகளுடன் நம் பிள்ளை மேடையேறினால் போதும்.