பூனைச் சொறியும் நம்ம ஊர்க் கந்தகமும்



போன வாரம் வகுப்பில் என் முழங்கையில் இருந்த சிவப்புத் தடிப்புகளைப் பார்த்துவிட்டு, "என்ன, லீவு நாளில் மருந்து வேலைக்குப் போறியா?" என்று கேட்ட நண்பர்களுக்கு இந்தக் கட்டுரை சமர்ப்பணம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் மாத்திரை இல்லை, பட்டாசுக்குள் அடைக்கும் ரசாயனக் கலவை. ஆனால் என் தடிப்புக்குக் காரணம் அந்த மருந்து அல்ல. ஒரு பூனைக்குட்டி.

தீபாவளி முடிந்த மறுவாரம், நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் காலி அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் கிடந்தது அது. செம்பட்டை நிறம். தொட்டால் 'புஸ்' என்று சீறும். அதனால் புஸ்வாணம் என்றே பெயர் வைத்துவிட்டோம். இதற்கு முன் எங்கள் வீட்டில் பூனை வளர்த்தது கிடையாது. பால் ஊற்றினால் போதும், அது பாட்டுக்கு வளர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன் :-)

பத்து நாளில் அதன் காது ஓரம் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியது. பிறகு நெற்றி, கண் ஓரம், முன்னங்கால் என்று பரவியது. ராத்திரி முழுக்கச் சொறியும். அம்மாச்சி ஒரு பார்வை பார்த்தார். "சிரங்குதான். தேங்காய் எண்ணெயில கந்தகத்தைக் குழைச்சுத் தடவு. மூணு நாள்ல உதிர்ந்துரும்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பையன், "கந்தகமா? எங்க செட்டுலயே கிடைக்குமே, ஒரு பொட்டலம் கொண்டாரட்டா?" என்றான். அம்மா போட்ட சத்தத்தில் அவன் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தடவினோம். அம்மாச்சி சொன்னபடியே பொருக்கு உதிர்ந்தது. நானும் வெற்றி என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் எல்லாம் திரும்பி வந்தது. கூடவே எனக்கும் அரிப்பு.

மருந்து சரி, ஆனால் நோய் ஏன் திரும்பி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் ஒரு பெரிய வரலாறே கிடைத்தது.

ஒரே மஞ்சள் பொடி, இரண்டு மருந்து

நம் ஊருக்குக் கந்தகம் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923இல் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். 1940 வாக்கில் பட்டாசும் சேர்ந்தது. இரண்டுக்கும் கந்தகம் வேண்டும். பழைய கணக்குப்படி கரிமருந்தில் பொட்டாசியம் நைட்ரேட் 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு.

ஆனால் வெடிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கந்தகம் தோலுக்கு வந்துவிட்டது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ், சொறிக்குக் கந்தகத்தைத் தாரோடு கலந்து பூசச் சொல்கிறார். நம் சித்த மருத்துவத்தில் கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்றிச் சுத்தி செய்வார்கள். தோல் நோய்களுக்கான கந்தக ரசாயனம் இன்றும் கடையில் கிடைக்கிறது. சீனாவில் வெடிமருந்தைக் கண்டுபிடித்ததே ஆயுளை நீட்டிக்கும் மருந்தைத் தேடிய ரசவாதிகள்தான். சீன மொழியில் அதன் பெயருக்கு 'நெருப்பு மருந்து' என்று பொருள். நாமும் 'வெடிமருந்து' என்றுதானே சொல்கிறோம்!

ஆக, கந்தகம் சொறியைக் குணமாக்கும் என்பது உலகத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாகத் தெரியும். ஏன் குணமாக்குகிறது என்பதுதான் தெரியாது. ரத்தம் கெட்டுவிட்டது, உடலில் கெட்ட நீர் சேர்ந்துவிட்டது, அதுதான் தோல் வழியே வெளியேறுகிறது என்றார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் ரத்தத்தை வெளியேற்றினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். நம் ஊரிலும் "சூடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம் இல்லையா?

ஊசி முனையில் ஒரு பூச்சி

1687ஆம் ஆண்டு. இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக நகரம். ஜொவானி கோசிமோ போனோமோ என்ற மருத்துவரும், ஜியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக் கடைக்காரரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஏழைத் தாய்மார்கள் சிரங்கு பிடித்த குழந்தைகளின் தோலிலிருந்து ஊசியால் எதையோ குத்தி எடுத்தார்கள். அந்த ஊர்ச் சிறையில் இருந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். படித்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

இவர்கள் இருவரும் அதை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஆமை போல உருண்ட ஒரு சின்ன உயிர், நகர்ந்துகொண்டிருந்தது. அது முட்டையிடுவதையும் பார்த்தார்கள். போனோமோ படம் வரைந்து, அக்காலத்தின் பெரிய அறிஞரான பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதமாக எழுதினார். சிரங்கு கெட்ட ரத்தத்தால் வருவதல்ல, இந்தப் பூச்சி தோலுக்குள் குடியிருப்பதால் வருவது, அதனால்தான் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து பலிப்பதில்லை, மேலே பூசும் கந்தகம் போன்றவை பலிக்கின்றன என்பதே கடிதத்தின் சாரம். ஒரு நோய்க்கு இந்த உயிர்தான் காரணம் என்று நுண்ணோக்கி வைத்துக் காட்டிய முதல் நிகழ்ச்சி இது என்று மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். பாஸ்டரும் கோக்கும் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பு!

உலகம் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. போப்பின் மருத்துவரான லான்சிசி ஏற்கவில்லை. போனோமோவும் மேற்கொண்டு வாதாடவில்லை. விஷயம் மெல்ல மறந்துபோனது.

இதற்குப் பிறகு நடந்தது ஒரு சினிமாக் கதை. 1812இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் காலே என்பவர், நூற்றுக்கணக்கான சிரங்குப் பூச்சிகளைப் பார்த்ததாக ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். மற்றவர்கள் தேடினார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. அவர் படம் போட்டது பழைய சீஸில் ஊறும் பூச்சி என்று 1829இல் ராஸ்பாய் என்ற அறிவியலாளர் அம்பலப்படுத்தினார். உடனே பலரும் "பூச்சி என்பதே கட்டுக்கதை" என்று முடிவுகட்டிவிட்டார்கள். பூச்சியைக் காட்டுபவருக்கு 300 பிராங்க் பரிசு என்று லுகோல் என்ற மருத்துவர் சவால்கூட விட்டார்.

1834 ஆகஸ்ட் 13. ரெனுச்சி என்ற மருத்துவ மாணவர் (ஆமாம், நம்மைப் போல மாணவர்தான்) அதே மருத்துவமனையில் எல்லோர் கண் முன்னாலும் ஊசி முனையில் பூச்சியை எடுத்துக் காட்டினார். அவருடைய சொந்த ஊர் கோர்சிகா தீவு. அங்கே ஏழைப் பெண்கள் பூச்சி எடுப்பதைப் பார்த்துப் பழகியிருந்தார். பெரிய மருத்துவர்கள் கொப்புளத்துக்குள் தேடினார்கள். பூச்சி இருப்பதோ, கொப்புளத்திலிருந்து தள்ளி, தோலுக்குள் அது தோண்டிய சுரங்கத்தின் கடைசியில். இது கோர்சிகாவின் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது, பாரிஸின் பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த நான்கே வருடத்தில், 1838இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஹெரிங், பூனைச் சொறிக்குக் காரணமான பூச்சியை அறிவியல் முறையில் விவரித்தார். இன்று அதன் பெயர் நோட்டோஎட்ரெஸ் கேட்டி. எங்கள் புஸ்வாணத்தின் காதில் குடியிருந்தவர் இவர்தான்.

பூனை கொடுத்த கடன்

"நாங்கள் இந்தியர்கள், இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கதை. இது நம் துணைக்கண்டத்திலேயே நடந்தது.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் நோயைக் கடத்துவது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் என்று சந்தேகப்பட்டார். 1898 ஜூன் 2 அன்று கராச்சியில் சோதனை செய்தார். பிளேக் வந்த எலி ஒன்றைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். அதில் தெள்ளு போதாதோ என்று, தங்கியிருந்த ஹோட்டலில் திரிந்த பூனையிடமிருந்து கொஞ்சம் தெள்ளு 'கடன்' வாங்கிச் சேர்த்தார்! கம்பி வலைக் கூண்டில் ஆரோக்கியமான எலியை, நோயுற்ற எலியைத் தொட முடியாதபடி பக்கத்தில் வைத்தார். முதல் எலி செத்தது. சில நாளில் இரண்டாவது எலிக்கும் பிளேக் வந்தது. (பூனை வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். பிளேக்கைப் பரப்பும் முக்கிய ஆள் எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு அந்த வேலைக்கு அவ்வளவு லாயக்கில்லை.)

இவரையும் நம்பவில்லை. அரசு அமைத்த பிளேக் கமிஷன் அவருடைய முடிவைத் தள்ளிவிட்டது. 1905க்குப் பிறகு பம்பாயில் நடந்த விரிவான சோதனைகள்தான் அவர் சொன்னது சரி என்று நிரூபித்தன. அதற்குள் எத்தனை உயிர்கள்!

இன்னொரு தப்பான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பூனையிடமிருந்து வரும் படர்தாமரையை ஆங்கிலத்தில் 'ரிங்வோர்ம்' என்பார்கள். அதில் புழு எதுவும் இல்லை, அது ஒரு பூஞ்சை. 1840களில் பாரிஸில் டேவிட் குருபி என்பவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார். பூனையில் அதிகம் காணப்படும் பூஞ்சைக்கு மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்று பெயர். கேனிஸ் என்றால் நாய்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புஸ்வாணத்துக்கு என்ன ஆச்சு?

கடைசியில் அதை ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காது ஓரத்தை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று அசைந்தது. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. 337 வருடத்துக்கும் மேல் பழைய கடிதத்தில் இருந்ததன் சொந்தக்காரன் என் கண் முன்னால்!

நோய் திரும்பி வந்ததற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையை அநேகமாகக் கொல்லாது. முட்டை பொரித்து வந்ததும் பழைய கதை. அதனால் சொன்ன தேதியில் மறுபடி மருந்து வேண்டும். இரண்டு, எங்கள் மாடிப்படியின் கீழே ஒரு தாய்ப்பூனையும் இன்னொரு குட்டியும் இருந்தன. அவற்றுக்கு யாரும் மருந்து போடவில்லை. கூட இருக்கும் எல்லாப் பூனைக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்து, படுக்கைத் துணியையும் வெந்நீரில் துவைத்தால்தான் தீரும்.

கந்தகம் தப்பா என்று கேட்டேன். தப்பில்லை என்றார். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சிரங்கு வந்தால் கந்தகக் களிம்பு இன்றும் கொடுக்கிறார்கள். பூனைக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசல் இருக்கிறது. ஆனால் பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. அளவு தெரியாமல் பூசினால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பட்டாசு ஆலைப் பொடியில் அலுமினியமோ வேறு உப்போ கலந்திருக்கலாம். அது பூனைக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. அம்மா சத்தம் போட்டது எவ்வளவு சரி!

புஸ்வாணத்துக்கு அவர் தந்தது ஐவர்மெக்டின் வகை மருந்து. ஜப்பானில் சடோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது அது. அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், நாமே ஊசி போடக் கூடாது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தும், பாரசிட்டமாலும், பினாயிலும் பூனையைக் கொன்றுவிடும். பூனையின் கல்லீரலுக்கு இவற்றைச் சரியாக முறித்து வெளியேற்றும் சக்தி இல்லை. புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் இந்த வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

என் கை அரிப்பு? பூனைப் பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. பூனை சரியானால் நமக்கும் தானாகப் போய்விடும். போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் முழுக் கதையையும் சொன்னேன். இத்தாலியத் தாய்மார்கள் ஊசியால் பூச்சி எடுத்த இடம் வந்ததும் சிரித்தார். "எங்க ஆத்தாவும்தான் முள்ளு வச்சு எடுக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ மருந்துதானே கேட்ட? என்னத்தால வருதுன்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லைதான். இரண்டாயிரம் வருடமாக மருந்தை மட்டும் கேட்டவர்கள் செய்த அதே தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

புஸ்வாணத்துக்கு இப்போது காதில் புது முடி முளைத்திருக்கிறது. தாய்ப்பூனையைப் பிடிக்கப் போனதில் என் கையில் இரண்டு கீறல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரங்குக்கு என்ன செய்தார்கள், எதனால் வருகிறது என்று சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கும் சொல்லுங்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.