வெறிநாய்க்கடியும் குன்னூர் வழியும்

கன்னட நாட்டில் குடியேறி வாழும் தமிழர், பெங்களூர் அரசாங்கப் பொருட்காட்சிச்சாலைக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள ஆதகூர்க் கல்லைக் காணத் தவறலாகாது. கி.பி. 949-இல் தக்கோலத்தில் நிகழ்ந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியைக் கூறும் கல் அது. தமிழர் வரலாற்றில் அத்துணை முக்கியமான கல்வெட்டு எந்த நோக்கத்துடன் நாட்டப்பட்டது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். கங்க மன்னன் பூதுகனின் வீரனான மணலேரன், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாகப் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை. காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, அதனைக் கொன்று தானும் உயிர் நீத்தது. அதன் நினைவுக்காகவே கல் எழுந்தது. வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது. அரசகுமாரன் மரணம் அக்கல்லில் பின்னணிச் செய்தியே. நாயின் மரணந்தான் தலைமைச் செய்தி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாயைத் தோழனாகப் போற்றிய இந்நாட்டில், அதே நாய் நோயுற்றபோது மக்கள் கொண்ட அச்சமும் அத்துணைப் பழமையானது. வெறிகொண்ட நாயின் வாலும் தாடையும் தோளும் தொங்கும், வாய்நீர் ஓயாது வழியும், கண்ணும் செவியும் மங்கி அது இலக்கின்றி ஓடும் என்று சுசுருத சம்ஹிதை வருணிக்கின்றது. கடியுண்டவன் தண்ணீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் பிழைக்கமாட்டான் என்பதும் அந்நூலாசிரியருக்குத் தெரிந்திருந்தது. நம் முன்னோர் நோயின் அடையாளங்களைக் கூர்ந்து அறிந்திருந்தனர். அவர்களிடம் இல்லாதது மாற்று ஒன்றே. அவ்வெற்றிடத்தை மந்திரமும் வேரும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் நிரப்பின. இவற்றுள் எதனாலும் ஓர் உயிர்கூடப் பிழைத்திருக்க முடியாது. கடித்த நாய்களுள் பல வெறியற்றவையாதலால், கடியுண்டோர் தாமாகவே பிழைத்தனர். புகழ் மட்டும் மந்திரித்தவரைச் சேர்ந்தது.

மாற்று முதன்முதலில் கிடைத்த நாள் 1885 ஜூலை 6. பாரிஸ் நகரில் லூயி பாஸ்டியர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். வெறிநோய் கண்டிறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, நஞ்சின் வீரியத்தைக் குறைத்து, அதனைப் படிப்படியாக உடலில் ஏற்றுவது அவர் கண்ட முறை. சிறுவன் பிழைத்தான். கடியுண்ட பின்பும் தடுத்துக்கொள்ள இயலுவது எவ்வாறு என்று நேயர்கள் கேட்கலாம். வெறிநோயின் வைரஸ் இரத்தத்தின் வழியே விரைந்து செல்வதன்று. நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைவது. பெரும்பாலும் அதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகின்றன. முகத்திலும் கழுத்திலும் கடிபட்டால் காலம் குறுகும். அந்த இடைவெளிக்குள் உடல் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிட்டால் உயிர் தப்பலாம். நோய்க்குறி தோன்றிய பின்னரோ, இன்றளவும் பிழைத்தோர் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

இந்தியாவில் இத்தகைய நிலையம் முதலில் 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஏற்பட்டது. தென்கோடியில் நாய் கடித்தால் வடகோடிக்குப் பயணம்! 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி இந்நோயால் மாண்டதைத் தொடர்ந்து, தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு உதவிற்று. 1907-இல் நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டியர் நிலையம் திறக்கப்பெற்றது.

இனிச் சாமராஜநகரை நோக்குவோம். அரிகோட்டாரா என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூர், தமிழகத்தின் எல்லையை ஒட்டியே நிற்கின்றது. ஆயினும் 1907-இல் இங்கு இருப்புப்பாதை வந்திருக்கவில்லை. கடியுண்டவரைக் குன்னூர் சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. குண்டலுப்பேட்டை, பந்திப்பூர்க் காடு, தெப்பக்காடு, கூடலூர் வழியாக உதகை ஏறி அப்பால் இறங்குவது ஒன்று. ஆசனூர், திம்பம் மலைவழியே சத்தியமங்கலத்துக்கு இறங்கி, மேட்டுப்பாளையம் சென்று, 1899 முதல் ஓடத் தொடங்கிய மலைரயிலில் ஏறுவது மற்றொன்று. இரு வழியும் யானைக் காடு; இரு வழியும் மாட்டு வண்டிக்குப் பல நாள் பயணம்.

பக்கத்திலுள்ள கொள்ளேகாலம் அந்நாளில் சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாவாகும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோதுதான் அது மைசூர் ராஜ்யத்துடன் இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. ஆகவே குன்னூர் நிலையம் கொள்ளேகாலத்தாருக்குத் தம் மாகாணத்து நிலையம், சாமராஜநகரத்தாருக்கோ அயல் ராஜ்யத்து நிலையம். வெறிநாய்க்கு எல்லைக்கோடு இல்லை என்பதால், இரு சாராரும் ஏறவேண்டிய மலை ஒன்றாகவே இருந்தது.

பயணம் அத்துணைக் கடினமாக இருந்தபடியால், புறப்படுவதா வேண்டாவா என்ற கேள்வியே குடும்பங்களை வாட்டியது. விதைப்பு நாளில் ஏரை நிறுத்திவிட்டு, கடன் வாங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டுமானால், நாய்க்கு வெறிதானா என்று தெரிய வேண்டுமல்லவா? அதனை முடிவு செய்தவர் மருத்துவர் அல்லர். நாயைத் தினமும் பார்த்திருந்த வீட்டார். 1903-இல் இத்தாலிய அறிஞர் அடெல்கி நெக்ரி, வெறிநாயின் மூளை அணுக்களில் காணும் சிறு பொட்டுகளைக் கண்டறிந்த பின்னர், இறந்த நாயின் மூளையைச் சோதித்து உறுதி செய்ய முடிந்தது. ஆனால் நாய் ஓடி மறைந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்ட மருந்து இந்நிலையை மாற்றிற்று. வெறிநோயின் கிருமி ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையிலிருந்து எடுத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று செய்யப்பட்டது அது. புட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்பலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. நோயாளி மருந்தைத் தேடி மலையேறிய காலம் போய், மருந்து மலையிறங்கி ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு வரலாயிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லி அச்சுறுத்தியது இம்மருந்தையே. அச்சம் வீணன்று, ஆட்டின் மூளைப்பொருள் கலந்திருந்தமையால் சிலருக்கு வாதநோய் போன்ற துன்பமும் நேர்ந்தது. ஆயினும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஏழை மக்களின் உயிரைக் காத்தது அம்மருந்தே என்பதை மறுத்தலாகாது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது. இக்காலத்து மருந்து அணு வளர்ப்பில் செய்யப்படுவது. தோள்பட்டையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுவது.

மருந்து பாரிஸிலிருந்து கசௌலிக்கும், கசௌலியிலிருந்து குன்னூருக்கும், அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனினும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களுள் பெரும்பகுதியினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்கள், பலர் குழந்தைகள். காரணம் மருந்தின் தூரம் மட்டும் அன்று. வீட்டில் நிகழும் மாற்றத்தைக் கண்டுகொள்ளாமையும் ஒரு காரணமாகலாம்.

வெறிநோய் என்றதும் நுரை தள்ளி ஓடிவரும் நாயையே நாம் எண்ணுகிறோம். தொடக்கம் அவ்வாறு இருப்பதில்லை. அதுவரை குழைந்து வந்த நாய் கட்டிலுக்கடியில் இருட்டைத் தேடி ஒதுங்கும். ஒதுங்கியே இருந்த நாய் திடீரென்று ஒட்டிக்கொண்டு நக்கும். குரைக்கும் குரல் கம்மி மாறும். சோற்றை விட்டுவிட்டுக் கல்லையும் மண்ணையும் கட்டையையும் கடிக்கும். ஒரு சாராரின் நோய் ஆவேசமாக வெளிப்படும். மற்றொரு சாராருக்கோ ஊமை வெறி. ஊமை வெறியில் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க மாட்டாமல் நாய் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று எண்ணி, அன்புடைய எசமானர் வாய்க்குள் கைவிட்டுத் துழாவுவார். கடியே இல்லாமல் நோய் ஏறுவது இவ்வாறுதான். எச்சில் வடிக்கும் பசுவின் வாயில் கைவிடும் உழவர்க்கும் இதே அபாயம் உண்டு. பூனையும் விலக்கன்று.

தவறான நம்பிக்கை ஒன்றையும் இங்கே களைய வேண்டும். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதன், நாய் அன்று. வெறிநாய் தண்ணீர் குடிக்க முயலும், நீரில் இறங்கவும் செய்யும். தொட்டியில் வாய் வைத்ததைக் கண்டு வெறியில்லை என்று தேறுதல் கொண்டவர் பலர்.

அதற்காகச் சினந்த நாயெல்லாம் வெறிநாய் என்று கம்பெடுப்பது கொடுமை. காதுக்குள் சீழ் வைத்திருந்தாலும், பாதத்தில் முள் ஏறியிருந்தாலும், சாதுவான நாய் தொட்டவுடன் கடிக்கும். குட்டி ஈன்ற தாயும் கடிக்கும். நாள் முழுதும் குறுஞ்சங்கிலியில் கட்டுண்ட நாய் மூர்க்கமாவது இயல்பே. காவலுக்கு நல்லதென்று சிலர் அதனைப் பெருமையாகச் சொல்வது நமக்கு உடன்பாடன்று. கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, பின்னர் தசை துடித்து வலிப்பு வருமானால் அது டிஸ்டெம்பர் என்னும் வேறு நோயாகலாம். குட்டி ஓயாது வாந்தியெடுத்து இரத்தமாகக் கழிந்தால், 1978-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய பார்வோ நோயை ஐயுற வேண்டும். உண்ணி மிகுந்த நாய் காய்ச்சலுற்று ஈறு வெளுத்துச் சோர்வதும் உண்டு. இவற்றுள் எது என்று பிரித்தறிவது கால்நடை மருத்துவரின் வேலை. நேற்றுவரை இல்லாத நடத்தை இன்று வந்துள்ளது என்று அவரிடம் சொல்லக்கூடியவர் வீட்டாரே.

நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணை நக்கினாலும் முதல் மருந்து குழாயடியில் இருக்கின்றது. ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பழைய மருத்துவர்கள் அமிலத்தால் சுட்டார்கள்; இன்று அது வேண்டுவதில்லை. மிளகாயும் மஞ்சளும் சுண்ணாம்பும் புண்ணில் படலாகாது; கட்டும் தையலும் கூடியவரை தவிர்க்கப்படும். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால், ஊசியோடு எதிர்ப்பாற்றல் சீரமும் புண்ணைச் சுற்றிச் செலுத்தப்படும். கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாள் கவனிப்பதற்கும் காரணம் உண்டு. நோய்க்குறிகள் வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் எச்சிலில் வைரஸ் வரும். பத்து நாளும் நாய் நலமாயிருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் நஞ்சில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது. வளர்க்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் அடுத்ததையும், ஆண்டுதோறும் ஒரு முறையும் போட்டு வந்தால் பெரும்பாலான கவலை வாசலோடு நின்றுவிடும்.

வெளிமாநிலத் தமிழர்க்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. அண்டை வீட்டார் ‘ஹுச்சு நாயி’ என்று கூவினால் அது வெறிநாய் என்று பொருள். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். சாமராஜநகரில் 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ், வெறிநோய் ஆராய்ச்சிக்காக உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றும் நிலையமாகும். தசையில் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளைத் தொடக்கமாகக் கொண்டு 3, 7, 14, 28-ஆம் நாட்களில் மற்றவை வரும். தோலுக்குள் போடும் முறையில் 3, 7, 28-ஆம் நாட்களில் வரும். இதற்கிடையே பொங்கலுக்கோ ஊர்த்திருவிழாவுக்கோ சொந்த ஊர் போக நேர்ந்தால், ஊசிச் சீட்டை உடன் எடுத்துச் செல்க. சாமராஜநகரில் தொடங்கியதைச் சத்தியமங்கலத்திலும் கோயமுத்தூரிலும் அதே நாள் கணக்கில் தொடரலாம்.