ஏரி மண்ணும் எண்ணூர்ச் சாம்பலும்

சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் வீடு கட்ட நினைத்தவர்கள் முதலில் விசாரித்தது சூளைக்காரரைத்தான். ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் வட்டாரத்தில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. மண்ணைக் குழைத்து அச்சில் அறுத்து, பச்சைக்கல்லை வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டுப் பிரித்தால் செங்கல். ஒரு கல்லுக்குச் சுமார் 3 கிலோ மண் போகும். பத்தாயிரம் கல் பிடிக்கிற ஒரு சிறு வீட்டுக்கு 30 டன்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். ஆலைகளோடு சுற்றுச்சுவர், கிடங்கு, தொழிலாளர் விடுதி, வாடகைக்கு விட மாடியில் ஒரு அறை என்று கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போயின. அத்தனைக்கும் கல் வேண்டும். வயலையும் ஏரியையும் தோண்டியே அதைக் கொடுத்திருந்தால் இந்த வட்டாரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

மாற்று, கடற்கரைப் பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தது.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லும், அத்திப்பட்டை ஒட்டிய வடசென்னை அனல்மின் நிலையம் 1994-லும் மின்சாரம் தரத் தொடங்கின. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பினார்கள். குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கலந்தது. குளத்தை ஒட்டிய செப்பாக்கம் மக்களுக்குக் காற்றடித்தால் வீட்டுக்குள்ளும் சாம்பல்தான்.

அந்தச் சாம்பலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்தால் நாளாக நாளாக இறுகிக் கல்லாகும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலில் இதைக் கண்டார்கள். நம் கொத்தனார்கள் செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கியில் கண்டார்கள். 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் உடம்புக்குள் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைதான். பாட்டன் காலத்துச் சுர்க்கி செய்த வேலையை அனல்மின் நிலையச் சாம்பல் சூளை நெருப்பே இல்லாமல் செய்கிறது. இதை எளிய தொழில்நுட்பமாக்கிச் சிறு பட்டறைகளுக்குக் கொண்டுபோனதில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்ந்த அவர்களுடைய கலவைக்கு 'ஃபால்-ஜி' என்று பெயர்.

தொழிலை நாடெங்கும் பரப்பியது சட்டம். 1999 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் செங்கல் அறுப்பவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. வரைபடத்தில் எண்ணூரிலிருந்து நேர்க்கோடு இழுத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ அந்த 50 கி.மீ. விளிம்பில் நிற்கிறது. 2003-ல் எல்லை 100 கி.மீ. ஆனதும் ஒரகடம் உட்பட இந்த வட்டாரம் முழுதும் உள்ளே வந்துவிட்டது. 2016-ல் அது 300 கி.மீ. ஆனது.

சாம்பல் கல் பட்டறையில் புகையும் இல்லை, அனலும் இல்லை. மாவு போன்ற சாம்பலை மூடிய தொட்டி வைத்த பல்கர் லாரி கொண்டுவந்து இறக்கும். கிரஷர் தூள், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட், ஜிப்சம் எல்லாம் வட்டத் தொட்டியில் அரைபட்டு ஹைட்ராலிக் அச்சுக்குள் விழும். வெளியே வந்த புதுக்கல்லில் விரல் வைத்தால் தடம் பதியும், பலகையோடுதான் தூக்குவார்கள். மறுநாள் தொடங்கி இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அவசரத்தில் தண்ணீர் காட்டாமல் லாரி ஏற்றிய கல்தான் பின்னால் சுவரில் விரிசல் விட்டு, தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தது. செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுப் பழகிய கொத்தனார்களும், இதற்கு லேசாக நனைத்தாலே போதும் என்பதைப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. கல் ஒரே அளவாக இருப்பதால் பூச்சுக் கலவை மிச்சமாகிறது என்று தெரிந்ததும் மேஸ்திரிகளின் தயக்கம் குறைந்தது.

சாம்பல் கல்லே வேண்டாம் என்பவர் வீட்டிலும் சாம்பல் இருக்கிறது. சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல்தான்.

இதைக் காட்டி நிலக்கரி எரிப்பதை நியாயப்படுத்த முடியாது. செப்பாக்கத்துக்காரர்களிடம் அப்படிப் பேசவும் முடியாது. எண்ணூர் பழைய நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. குளங்களில் தேங்கிய பழைய சாம்பலைப் பத்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்லி 2021 டிசம்பர் 31-ல் புதிய அறிவிக்கை வந்தது.