மெதுவா ஏறு தம்பி

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு மலைன்னா காவிரிப் பாலத்துல நின்னா தெரியுற உச்சிப் பிள்ளையார் மலைதான். 83 மீட்டர் உயரம், நானூறுக்கு மேல படி. என் தம்பி ஓட்டப் பயிற்சிக்கு அதைத்தான் ஏறி இறங்குவான். ஞாயித்துக்கிழமைன்னா கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு.

ஆனா அவன் ஓட ஆசைப்பட்டது லடாக்குல. கர்துங் கிராமத்துல ஆரம்பிச்சு, 5,300 மீட்டருக்கு மேல இருக்குற கர்துங் லா கணவாயைத் தாண்டி, லே நகரத்துல முடியுற 72 கிலோமீட்டர் பந்தயம். முதல் தடவை டில்லியிலேர்ந்து விமானத்துல போய் இறங்கினான். ரெண்டாம் நாள் ராத்திரி தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல். ஓடப் போனவன் ஆக்சிஜன் சிலிண்டரோட படுத்துக் கிடந்துட்டு ஊர் வந்து சேர்ந்தான். "இவ்ளோ பயிற்சி எடுத்தும் எனக்கு ஏண்ணா இப்படி?"ன்னு மாசக்கணக்குல புலம்பல்.

இதுக்குப் பதில் சரித்திரத்துல இருக்கு மக்களே.

1962 சீனப் போர்ல, சமவெளியில இருந்த வீரர்களை அவசர அவசரமா இமயமலை உச்சிகளுக்கு ஏத்தினாங்க. உடம்பு பழக நாள் கொடுக்கலை. எல்லாரும் இளவட்டங்கள், திடகாத்திரமானவங்க. இருந்தும் குண்டு படாமலே பலர் விழுந்தாங்க. நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் இப்படி மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பத்தி 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல கட்டுரை எழுதினாங்க. மலை மருத்துவத்துல அது ஒரு மைல்கல்.

விஷயம் இதுதான். காத்துல ஆக்சிஜன் பங்கு திருச்சியிலயும் லேயிலயும் அதே 21 சதவீதம். ஆனா 3,500 மீட்டர்ல இருக்குற லேயில காத்தழுத்தம் மூணுல ரெண்டு பங்குதான். கணவாய் உச்சியில ஏறக்குறைய பாதி. இதுக்கு ஈடுகொடுக்க உடம்பு முதல்ல மூச்சை வேகமாக்கும். அதனால மாறுற ரத்தத்தைச் சிறுநீரகம் சரிக்கட்ட சில நாள் ஆகும். புது சிவப்பணுக்கள் சேர வாரக்கணக்கு. இதையெல்லாம் மலைக்கோட்டைப் படி சொல்லித்தராது. தென்னிந்தியாவிலேயே உசந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தானே!

அதனால அடுத்த தடவை, "கார்ல போலாம்டா"ன்னேன். "மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலண்ணா!"ன்னு அலறினான். அம்மாதான் முடிச்சு வச்சாங்க. "1323 படையெடுப்புல கிளம்பின நம்பெருமாளே மேல்கோட்டை, திருமலைன்னு தங்கித் தங்கி 1371-லதான் திரும்பி வந்தார். உனக்கு என்னடா அவசரம்?"

நாமக்கல்ல 44-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடிச்சா ஸ்ரீநகர் வரைக்கும் அதே நம்பர்தான். ஆனா சமவெளியில ஓட்டுற தூரத்தால மூச்சுக்கு ஒரு லாபமும் கிடையாது. கணக்கு ஆரம்பிக்கிறதே ஸ்ரீநகர்லதான். அது 1,585 மீட்டர். அடுத்து சோனாமார்க், கார்கில் ரெண்டும் 2,700-ஐ ஒட்டி. அப்புறம்தான் லே. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு ராத்திரி தங்கினோம். மணாலி வழியா போறவங்க வழக்கமா தங்குற சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல. அதான் அந்தப் பக்கமே போகலை.

சோனாமார்க் தாண்டி சோஜி லா கணவாய், 3,528 மீட்டர். வண்டியை ஓரங்கட்டி தம்பிக்கு ஒரு கதை சொன்னேன்.

1948-ல் இந்தக் கணவாய் எதிரி கையில. லேக்குத் தரைவழி அடைபட்டுப் போச்சு. செப்டம்பர்ல நடந்த தாக்குதல் தோத்துப்போச்சு. டாங்கிகளை மேல ஏத்தலாம்னு தளபதி திம்மையா முடிவு பண்ணார். பால்டால்லேர்ந்து மேல போறது கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்கி போற அளவுக்கு வெட்டி அகலமாக்கினது மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780-ல் உருவான நம்ம ஊர்ப் படை. ராணுவத்துல அவங்களுக்குச் செல்லப்பேரே 'தம்பி'தான்! 1948 நவம்பர் 1 அன்னிக்கு, பனியில, ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாயைத் தாண்டின. நவம்பர் 24-ல் கார்கில் நம்ம கைக்கு வந்தது.

"அப்ப ரோடு போட்டதும் தம்பிங்கதானா?"ன்னு சிரிச்சான். அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. பாதையை வெட்டினவங்க ஒரு தலைமுறை. இங்கே எப்படி ஏறணும்னு உயிரைக் கொடுத்துக் கத்துக்கொடுத்தவங்க அடுத்த தலைமுறை. நாம ஹீட்டர் போட்டுக்கிட்டு கார்ல போறோம்.

லேயில முதல் நாள் லேசா தலைவலி. படுத்துத் தூங்கினான். பத்து நாள் கழிச்சு ஓடினான். உச்சிக்கு நடந்துதான் ஏறினான், எடம் கிடமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனா சொந்தக் கால்ல லேக்கு இறங்கி வந்தான்.

அம்மாவுக்கு போன் போட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: "மெதுவாத்தாம்மா போனேன்."