புயல் கூண்டும் அமோனியா நெடியும்: காட்டுப்பள்ளிக் கரையில் அரசின் ஆயத்தம்

வங்கக் கடலில் புயல் உருவாகும் போதெல்லாம் செய்தி அறிக்கைகளில் சென்னை, எண்ணூர் ஆகிய பெயர்களை அடுத்து ஒலிக்கும் காட்டுப்பள்ளி, 2013இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயராயிற்று. ஆனால் அங்கே ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் வரலாறு மிகப் பழையது. 1864ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலின் பேரழிவுக்குப் பின், 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் தொடங்கிய எச்சரிக்கை முறை படிப்படியாக மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, 1898 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே சீரான முறையாக்கப்பட்டது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும்; முதல் எண் தொலைவிலுள்ள புயலைக் குறிக்க, பதினொன்றாம் எண் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கும். எச்சரிக்கை நின்றுபோவதையும் ஓர் எச்சரிக்கையாகக் கருதிய அந்த முன்யோசனை போற்றத்தக்கது.

கூண்டு மாலுமிகளுக்கானது; கரையில் வாழ்வோரைக் காக்கும் பொறுப்பு மாநில அரசின் வருவாய்த் துறையிடம் வந்து சேர்ந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் வகுக்கப்பட்ட பஞ்ச நிவாரண விதிகள், மழை, விளைச்சல், விலைவாசி ஆகியவற்றைக் கவனித்து மேலிடத்துக்கு அறிவிக்கும் கடமையை மாவட்ட ஆட்சியரிடமும் அவருக்குக் கீழிருந்த கிராம அலுவலர்களிடமும் ஒப்படைத்தன. 1980இல் வருவாய் வாரியமும் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளும் ஒழிக்கப்பட்ட பிறகும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் வருவாய் நிர்வாக ஆணையரே மாநில நிவாரண ஆணையருமாவார். 1070 என்ற எண்ணில் இயங்கும் மாநில அவசரக்கால செயல்பாட்டு மையமும் அவ்வளாகத்தில்தான் உள்ளது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஆட்சியரை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவராக்கியது.

பஞ்சத்தையும் வெள்ளத்தையும் கண்டு பழகிய ஆட்சியர் அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வேறு வகையான ஆபத்து குடியேறியது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் உர ஆலை, அத்திப்பட்டில் அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என ஒவ்வொன்றாக எழுந்தன. கிழக்கே கடலும் மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த காட்டுப்பள்ளியின் ஒடுங்கிய நிலப்பட்டை இவற்றின் அண்டை வீடாயிற்று. 1984ஆம் ஆண்டுப் போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின், அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள் இரண்டு திட்டங்களைக் கட்டாயமாக்கின. ஆலைக்குள் நேரும் விபத்தை எதிர்கொள்ளும் உள்வளாகத் திட்டத்தை நிர்வாகம் வகுக்க வேண்டும். விபத்து மதிலைத் தாண்டினால் ஊரை எப்படிக் காப்பது என்று கூறும் வெளிவளாகத் திட்டத்தை மாவட்ட அதிகாரம் வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும். ஆலைகளைச் சோதிக்கும் வேலையோ தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துடையது. கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கடலில் எண்ணெய் சிந்தினால் முன்நிற்பது மத்திய அரசின் கடலோரக் காவல் படை. ஊரின் ஒரே ஆபத்து நான்கு அலுவலகங்களின் கோப்புகளாகப் பிரிந்தது.

இப்பிரிவினையின் விளைவை 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது நாடே பார்த்தது: எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கெட்டியான எண்ணெயை ஆட்கள் வாளிகளில் மொண்டு, கைமாற்றிக் கொடுத்து அகற்றினர். 2023 டிசம்பர் அதைவிடக் கடுமையான சோதனையாக அமைந்தது. மிக்ஜாம் புயலுக்கு எச்சரிக்கை முறைப்படி வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயையோ, படகிலும் வலையிலும் அது அப்பிய பிறகே மீனவர்கள் அறிந்தனர். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை நெடிதான் எழுப்பியது. மூச்சுத் திணறியபடி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எந்தத் திசையில் ஓடினால் காற்றுக்கு எதிர்ப்புறம் போகலாம் என்பதும் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்பதும் அந்த நேரத்தில் கற்கக்கூடிய பாடங்கள் அல்ல.

நிவாரணம் வழங்குவதில் இம்மாநில வருவாய்த் துறைக்கு நீண்ட அனுபவம் உண்டு. தொழில் விபத்துக்கு ஊரை முன்கூட்டியே பழக்குவதில் அந்த அளவு பயிற்சி வளரவில்லை. ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எவை என்பதையும் சுற்றுப்புற மக்களுக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்று அதே 1989 விதிகள் ஆலை நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. நேரடியாகவோ மாவட்ட அதிகாரத்தின் வழியாகவோ இதைச் செய்யலாம் என்றும் அவை கூறுகின்றன. ஆகவே புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வெளிவளாகத் திட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டு எண்ணூர் முதல் காட்டுப்பள்ளி வரையுள்ள ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டி, அடுத்த ஒத்திகையை ஆலை வாசலில் முடித்துவிடாமல் குப்பத்துத் தெருவிலேயே நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.